ஏற்காட்டு மலையில் கயிறு கட்டி இறக்கிய சைடுகார்

போன வாரம் மூன்று பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். மூவருமே சேலத்தில் நல்ல வேலையில் இருப்பவர்கள். ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். தை பிறந்ததும் இருபது வண்டிகள் சேர்ந்து ஏற்காட்டுக்குப் போகப் போகிறார்களாம்.

"அந்தக் காலத்துலேயே மெட்ராஸ்காரங்களை வண்டியோட மலைக்குக் கூட்டிட்டுப் போனவரு நீங்கன்னு சொன்னாங்க. எப்படிப் போகணும்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்கள்.

காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் முடிகிற விஷயமாக இல்லை. எதை எழுதினாலும் அது ஏன் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று சொல்லப் போனால் ஞானம் மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அதனால் கேட்டதைவிடக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தற்பெருமையாகப் பட்டாலும் சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து எல்லாம் நின்றுபோகும் வரைக்கும், ஒவ்வொரு வருஷமும் பனிக்காலத்தில் அந்த மலையில் ஆட்களை ஏற்றி இறக்கினேன். எத்தனை பேர் ஏறினார்களோ அத்தனை பேரும் இறங்கினார்கள். ஒரே ஒரு தடவைதான் அந்தக் கணக்குத் தவறப் பார்த்தது.

எனக்குச் சொந்த ஊர் மல்லசமுத்திரம். அப்பாவுக்குக் கடலைக் காடு. நான் இரண்டாவது மகன். காடு அண்ணனுக்கே போதாது என்று தெரிந்ததும் சேலத்துக்கு வந்து அஸ்தம்பட்டியில், ஏற்காட்டு ரோட்டு மேலேயே இருந்த ஒரு மோட்டார் ஷெட்டில் சேர்ந்தேன். நாலு வருஷம் சாமான் கழுவினேன், டயர் கழற்றினேன், கார்ப்பரேட்டர் பிரித்துப் பூட்டினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் ஆகிறான்.

ஷெட்டுக்கு மேஸ்திரி ஞானப்பிரகாசம். சேலம் டவுன் கத்தோலிக்கர். முதல் உலகச் சண்டையில் பஸ்ரா பக்கம் போய்ப் பட்டாளத்து மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவர். காக்கி அரைக்கால் சட்டை, காலில் முழங்கால் வரைக்கும் சுற்றிய பட்டாளத்துத் துணிப்பட்டி, காதிடுக்கில் ஒரு சாக்பீஸ். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஷெட் கூட்டுகிறவரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். தப்புச் செய்துவிட்டால் அந்த 'ங்க' இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வரும். அதற்கே எங்களுக்கு வேர்த்துவிடும்.

மெட்ராஸில் இருந்த சில பேர் மோட்டார் சைக்கிளில் மலை ஏற ஆசைப்பட்டு ஷெட் முதலாளிக்குக் கடுதாசி எழுதியதில் ஆரம்பித்தது இந்தச் சவாரி. வண்டிகளை ரயிலில் போட்டுச் சேலம் வரைக்கும் கொண்டுவந்துவிடுவார்கள். அங்கிருந்து எங்கள் பொறுப்பு. முன்னால் வழிகாட்ட ஒருவன் வேண்டும் என்றதும் மேஸ்திரி என் பெயரைச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"வண்டி எதுக்குங்க? மொதல்ல நடந்து போய்ட்டு வாங்க" என்றார்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டு ஏரி வரைக்கும் ரோட்டோடு நடந்தேன். மறுநாள் நடந்தே இறங்கினேன். ஷெட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஊத்து வளைவுல காலையில நிழல் எந்தப் பக்கம் விழுது?"

தெரியவில்லை.

"நிழல் இருக்கற பக்கம் ஈரம் காயாது. ஈரம் இருக்கற எடத்துல இலை ஒட்டிக்கும். இன்னொருக்கா நடந்து பாத்துட்டு வாங்க."

மூன்று தடவை நடந்தேன். நான்காம் தடவைதான் வண்டி.

சவாரி நாளில் மேஸ்திரி செய்கிற வேலையை அந்த மூன்று பேருக்காக அப்படியே எழுதுகிறேன். வண்டிகள் எல்லாம் ஷெட் சுவர் ஓரமாக வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வண்டியின் முன்சக்கரத்தையும் முழங்காலிடுக்கில் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முறுக்கிப் பார்ப்பார். பிரேக்கைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளிப் பார்ப்பார். டயரைக் கட்டைவிரலால் அழுத்துவார். சொந்தக்காரர் ஜட்ஜாக இருந்தாலும் எட்டி நிற்க வேண்டியதுதான். பிறகு காதிலிருந்து சாக்பீஸை எடுத்துப் பின் மட்கார்டில் ஒரு நம்பர் போடுவார். சாயங்காலம் வரைக்கும் அதை ஓட்டுகிறவருக்குப் பெயர் அந்த நம்பர்தான்.

ஒன்றாம் நம்பர் நான். சக்தி குறைந்த வண்டி எதுவோ அது இரண்டாம் நம்பர். அது போகிற வேகம்தான் எல்லாருக்கும் வேகம். கடைசி நம்பர் மேஸ்திரி. சாமான் பெட்டியும் மருந்துப் பெட்டியும் வைத்த சைடுகார் வண்டியில் அவர் வருவார்.

நம்பர் போட்டதும் சொல்கிற பேச்சு ஒன்றுதான். "உங்களுக்கு முன்னாடி போறவரைப் பத்திக் கவலை வேண்டாம். பின்னாடி வர்றவரைப் பாருங்க. ஒரு வளைவு தாண்டினதும் திரும்பிப் பாருங்க. அவர் தெரியலேன்னா நில்லுங்க. நீங்க நின்னா உங்களுக்கு முன்னால போறவர் நிப்பார். ஹாரன் அடிக்க வேண்டாம், கத்த வேண்டாம். தானா ஒண்ணாம் நம்பர் வரைக்கும் சேதி போயிடும்."

அதோடு இன்னும் இரண்டு. எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். மாட்டு வண்டி எதிரே வந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். மாடு மிரண்டால் போகிறது நம் உயிர் மட்டும் இல்லை.

நடராஜன் என்று ஒரு மெட்ராஸ் வக்கீல். ஆளும் பெரிது, வண்டியும் பெரிது. முதல் வருஷம் வந்தபோது, "ஊர்வலம் போறதுக்கா ரயில்ல வண்டி ஏத்திட்டு வந்தேன்?" என்று கேட்டுவிட்டார்.

மேஸ்திரி இடுப்பிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு அவர் வண்டிக்குப் பின்னால் குனிந்தார்.

"என்ன பண்றீங்க?"

"தனியாப் போறதுன்னா தாராளமாப் போங்க சார். நம்பரை மட்டும் அழிச்சுடறேன். சாயங்காலம் எண்ணும்போது கொழப்பம் வரக் கூடாதுல்லீங்க."

வக்கீல் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "நம்பர் இருக்கட்டும்" என்றார். அதற்கப்புறம் வருஷம் தவறாமல் வந்தார். ஆனால் வேகம் போதாது என்கிற முணுமுணுப்பை மட்டும் விடவில்லை.

மூன்றாவது வருஷத்துச் சவாரியில்தான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது. மொத்தம் எட்டு வண்டிகள். அந்த வருஷம் புதிதாக வந்தவர் ஒரு டாக்டரம்மா. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. பெயர் ரூத். காக்கிக் கால்சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாக ரயிலடியில் இறங்கி, கூலி ஆளுக்குக் காத்திராமல் வண்டியைத் தானே பலகையில் உருட்டி இறக்கினார். ஷெட்டில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தோம். மேஸ்திரி மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் மலை ஏறி முடித்ததும், "அந்தம்மா பிரேக்குல கையே வெக்கறதில்லை. கியர்லயே வண்டிய நிறுத்தறாங்க" என்று என்னிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து அது பெரிய சர்ட்டிபிகேட்.

இரண்டு நாள் மேலே தங்கினோம். இரண்டு நாளும் விட்டுவிட்டு மழை. இறங்கும் நாள் மத்தியானம் வெறித்தது. சாப்பிட்டுவிட்டு எட்டு வண்டியும் கிளம்பினோம். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவு தாண்டித் திரும்பிப் பார்க்கிறேன், இரண்டாம் நம்பர் வரவில்லை. நின்றேன். இன்ஜினை அணைத்தேன். மேலே ஒவ்வொரு இன்ஜினாக அணைகிற சத்தம் கேட்டது. கடைசியில் மலையே அமைதியாகிவிட்டது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே போனேன். இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொருவராக ரோட்டோரம் நின்று மேலே கை காட்டினார்கள். ஏழாம் நம்பர் வக்கீல். அவர் வண்டி மட்டும் ஸ்டாண்டில் நின்றது, ஆள் இல்லை. அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"பழனியப்பன்! சீக்கிரம் வாங்க!"

மழையில் ஊறிய மேட்டுச் சரிவு அப்படியே பெயர்ந்து ரோட்டில் கிடந்தது. மண்ணும் பாறையும் ஆள் உயரத்துக்கு மேல். மேஸ்திரியின் சைடுகார் வண்டி அதற்கு இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. ஆனால் கடைசியாக உருண்ட ஒரு பாறை பக்கவாட்டில் மோதி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்துப் பக்கக் கட்டைச்சுவரில் சாத்தியிருந்தது. பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் மேஸ்திரியின் வலது கால்.

நானும் வக்கீலும் சேர்ந்து பாறையைப் புரட்டினோம். மேஸ்திரியின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"பெட்ரோல் குழாயை மூடுங்க. ஒழுகுது பாருங்க."

மூடினேன். அதற்குள் டாக்டரம்மா ஓடி வந்துவிட்டார். துணிப்பட்டியைக் கத்தரித்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கால் கோணிக்கொண்டு நின்றது. பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். ஒரே இழுப்பில் காலை நேராக்கினார். மேஸ்திரி என் சட்டைக் கையைக் கிழித்துவிட்டார், ஆனால் சத்தம் போடவில்லை. டாக்டரம்மா இரண்டு டயர் நெம்பியை அணை கொடுத்து, அந்தத் துணிப்பட்டியாலேயே கட்டினார். பிறகு என்னைத் தள்ளி அழைத்துப் போனார்.

"பாதம் ஜில்லுன்னு இருக்கு. ரத்தம் சரியா எறங்கல. பொழுது சாயறதுக்குள்ள ஆஸ்பத்திரி மேசையில இருக்கணும். இல்லேன்னா கால் போயிடும். ரொம்பத் தள்ளிப்போனா கால் மட்டும் இல்லை."

மேலே இருந்து கார் வர முடியாது, ரோடே இல்லை. கீழே போய்க் கார் பிடித்துக்கொண்டு வருவதென்றால், சேலத்தில் கார் கிடைத்து, அது ஏறி வந்து, திரும்ப இறங்குவதற்குள் இருட்டிவிடும். இருக்கிற சைடுகாரைப் பார்த்தேன். பாறை மோதியதில் கியர்ப் பெட்டி பிளந்து எண்ணெய் முழுக்க ரோட்டில். பின்பிரேக் கம்பி இரண்டாக ஒடிந்திருந்தது. சக்கரங்களும் ஹேண்டில்பாரும் நன்றாக இருந்தன. மிச்சம் இருந்தது முன்பிரேக் ஒன்றுதான். அந்தக் காலத்து முன்பிரேக் நம் உள்ளங்கை அகலம். சைடுகார் பாரத்தோடு அத்தனை வளைவுக்கும் அது தாங்காது.

மேஸ்திரி கூப்பிட்டார். "ஆறு பேரையும் மொதல்ல கீழ கொண்டுபோய்ச் சேருங்க. மூடுபனி எறங்குது. நான் இங்க இருக்கேன். அப்புறமா கார் எடுத்துட்டு வாங்க. கூட்டம்தான் மொதல்ல. அதுதான் முறை."

அவர் சொல்லை நான் அதுவரை மீறியதில்லை. ஆனாலும் சொன்னேன்.

"எட்டு நம்பரை எறக்கிட்டு வந்தேனுங்க. எட்டாம் நம்பரை உட்டுட்டு எப்படிங்க போறது? கூட்டத்துல நீங்களும் ஒருத்தருங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது கோபமா வலியா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் கீழேயிருந்து மாட்டுமணிச் சத்தம். அரிசி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் மாட்டை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல்லைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க சாமி, என்ன ஆச்சுங்க?"

எங்கள் பக்கத்துப் பேச்சு. கேட்டால் மல்லசமுத்திரத்துக்கு அடுத்த ஊர். பெயர் காளியப்பன். நிலைமையைச் சொன்னேன். அவர் வண்டியிலேயே படுக்க வைத்து இறக்கலாமா என்று ஒரு நினைப்பு எனக்கு. டாக்டரம்மா அந்த இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அந்த ஆட்டத்துக்குக் கட்டு நிக்காது. நேரமும் பத்தாது."

காளியப்பன் சைடுகாரைச் சுற்றி வந்து பார்த்தார். "பிரேக்கு இல்லீங்களா? எங்க வண்டிக்கு எப்பவுமே பிரேக்கு ஏதுங்க? பாரத்தோட எறங்கறப்போ பின்னால ஒரு மரக்கட்டையக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போவோமுங்க. கட்டை ரோட்டுல தேஞ்சுக்கிட்டே வரும். வண்டி பாயாது."

கட்டை வளைவில் அப்படியும் இப்படியும் அலையும். மாட்டு நடைக்குச் சரி, இதற்கு ஆகாது. ஆனால் கட்டைக்குப் பதில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால்? முதல் கியரில் போட்டுப் பெட்ரோலை அடைத்துவிட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். தானே வளைவிலும் திரும்பும். ஒன்று போதாவிட்டால் இரண்டு.

"கயிறு இருக்குதுங்களா?" என்றேன்.

மூட்டைகளைச் சுற்றிக் கட்டியிருந்த வடக்கயிற்றை அவிழ்த்தார். புதுக்கயிறு. நடுவில் வெட்ட வேண்டும் என்றேன். அரிவாளை எடுத்து அவரே வெட்டிக் கொடுத்தார்.

ஆட்களைப் பிரித்தேன். ஐந்தாம் நம்பர் வேகமாக ஆனால் நிதானம் தவறாமல் ஓட்டுகிறவர். அவரை உடனே கீழே அனுப்பி, காரோடு அடிவாரத்தில் நிற்கும்படியும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கும்படியும் சொன்னேன். துணைக்கு ஆறாம் நம்பர். மற்ற இருவர் எங்களுக்கு முன்னால் இறங்கி, எதிரே வருகிற வண்டிகளை ஓரம் கட்ட வேண்டும். இடதுபக்கக் கயிறு டாக்டரம்மா. வலதுபக்கம் வக்கீல், அவர் வண்டிதான் எல்லாவற்றிலும் கனம்.

வக்கீல் என் அருகில் வந்து மெல்லச் சொன்னார். "பழனியப்பன், நான் எறக்கத்துல பிரேக்கை நம்பித்தான் ஓட்டுவேன். கியர்ல புடிச்சுப் பழக்கமில்லை."

"டாக்டரம்மாவைப் பாத்துக்கிட்டே அவங்க செய்யறதைச் செய்யுங்க சார்" என்றேன்.

உடைந்த கியரில் எதுவும் சிக்கிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாதென்று செயினைக் கழற்றி எறிந்தேன். என் வண்டியை மலையோரமாக நிறுத்திவிட்டு, சாமான் பெட்டியை இறக்கி, மேஸ்திரியைச் சைடுகாரில் உட்கார வைத்து, காலுக்கு அடியில் காளியப்பன் கொடுத்த சாக்கை மடித்து வைத்தோம். கயிறுகளின் ஒரு முனையைச் சைடுகார்ச் சட்டத்திலும் மறுமுனையை அந்த இரண்டு வண்டிகளின் முன்பக்கத்திலும் நானே முடிச்சுப் போட்டேன். மேஸ்திரி கண்ணைத் திறந்து முடிச்சைப் பார்த்தார்.

"பின்னாடி வர்றவங்களுக்கு நீங்க எப்படிங்க சேதி சொல்லுவீங்க? ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருக்கும்" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை.

"நான் சொல்றேன். கையை மேல தூக்கினா இறுக்கிப் புடிக்கணும். கீழ எறக்கினா விடணும். ஒரு பக்கமா நீட்டினா அந்தப் பக்கத்து ஆள் மட்டும்." கால் உடைந்து கிடப்பவர் பேசுகிற பேச்சா அது!

புறப்பட்டோம். ஐம்பது அடி போவதற்குள் வக்கீல் கயிற்றைத் தளர விட்டுவிட்டு, பதறிப்போய்ச் சட்டென்று பிடித்தார். கயிறு வண்டியைப் பின்னால் வெட்டி இழுத்தது. மேஸ்திரியின் பல் நெறிபடுகிற சத்தம் கேட்டது. நிறுத்தினோம்.

"வக்கீல் சார்" என்றார் மேஸ்திரி, திரும்பாமலே. "கயிறு எப்பவும் நிமிர்ந்தே இருக்கட்டுங்க. தொய்ய விட்டுட்டுப் புடிக்காதீங்க. கோர்ட்டுல சாட்சியைக் கேக்கற மாதிரி, விடாமப் புடிங்க."

வக்கீல் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஊற்று வளைவு வரைக்கும் கயிறு தொய்யவில்லை.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு. ஆள் வேகமாக நடக்கிற வேகம்தான். எனக்கு முன்னால் மூடுபனி, பின்னால் இரண்டு இன்ஜின் உறுமுகிற சத்தம், பக்கத்தில் மேஸ்திரியின் கை மேலே போவதும் கீழே வருவதும். வளைவுக்கு வளைவு நிறுத்தி டாக்டரம்மா ஓடி வந்து பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். உடனே தன் வண்டிக்கு ஓடிவிடுவார்.

ஊற்று வளைவில் வந்தது வினை. அங்கே எப்போதும் ஈரம், இலை. உள்பக்கம் திரும்பும்போது வக்கீல் வண்டியின் பின்சக்கரம் இலையில் வழுக்கிவிட்டது. கயிறு தொய்ந்தது. பாரம் முழுக்க டாக்டரம்மா வண்டி மேல். நான் முன்பிரேக்கை இறுக்கினேன். சூடேறிப்போன பிரேக் பிடிக்கவில்லை. சைடுகார் பள்ளத்துப் பக்கமாக நகர்ந்தது. மேஸ்திரியின் கை இடதுபக்கம் நீண்டு அப்படியே நின்றது. டாக்டரம்மா விடவில்லை. அவர் இன்ஜின் கதறியது, ஆனால் அந்தக் கயிறு நிமிர்ந்தே இருந்தது. அது கொடுத்த நேரத்தில் நான் ஹேண்டில்பாரை மலைப்பக்கம் ஒடித்து முன்சக்கரத்தை வாய்க்காலில் இறக்கிவிட்டேன். வண்டி மண்மேட்டில் உரசி நின்றது.

அப்போதுதான் மேஸ்திரி ஒரு தடவை முனகினார். அன்றைக்கு அந்த ஒரே தடவைதான்.

வக்கீல் ஓடிப்போய்த் தன் தொப்பியில் ஊற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து பிரேக்கில் ஊற்றப் போனார்.

"வேண்டாங்க. சூட்டுல தண்ணி பட்டா வெடிச்சுடும். தானா ஆறட்டும்" என்று மேஸ்திரி தடுத்தார். பிறகு, "அந்தத் தண்ணியை எனக்குக் குடுங்க" என்றார். தொப்பியை வாங்கி மொத்தத்தையும் குடித்தார்.

பிரேக்கில் கை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பினோம். மிச்ச வளைவுகளை எப்படி இறங்கினேன் என்று கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்ல என்னால் முடியும். எங்கே இலை, எங்கே மண் அரித்திருக்கிறது, எங்கே ரோடு உள்பக்கம் சாய்கிறது என்று கால் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. மூன்று தடவை நடந்தது வீண்போகவில்லை. அடிவாரத்துக்கு இரண்டு வளைவு இருக்கும்போது கார் எதிரே ஏறி வந்தது. வெயில் அப்போது இன்னும் மரங்களின் உச்சியில் இருந்தது. டாக்டரம்மா பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வண்டியை வக்கீலிடம் விட்டுவிட்டு அதே காரில் ஏறிப் போனார்.

ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் எண்ணினேன். காரில் போன இரண்டு பேரையும் சேர்த்து எட்டு. அதற்குப் பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வக்கீல் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். வேகம் போதவில்லை என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

கால் பிழைத்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார் மேஸ்திரி. வலது கால் ஒரு விரல்கடை குட்டையாகிவிட்டது. முதல் தடவை நான் பார்க்கப் போனபோது, சொல் மீறியதற்குத் திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கேட்டது வேறு.

"அந்த வண்டிக்காரருக்குக் கயிறு குடுத்தீங்களா?"

இல்லை. மறந்தே போயிருந்தேன்.

"மூட்டை கட்டற கயித்தை வெட்டிக் குடுத்துட்டு அந்த மனுஷன் எப்படி ஏறினாரோ. போய்ப் பாருங்க."

அந்த வாரச் சந்தைக்கு மல்லசமுத்திரம் போனேன். புதுக்கயிறு ஒன்று தோளில். காளியப்பனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அவர் கயிற்றைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் பெரியவரு கால் என்ன ஆச்சுங்க?"

"இருக்குதுங்க. நடப்பாருங்க."

"அப்பச் சரிங்க" என்றார். அதற்குப் பிறகுதான் கயிற்றை வாங்கி இழுத்துப் பார்த்து, "எங்கயிறு இதவிடத் தடிமனுங்க" என்றார். வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார்.

மறுவருஷம் சவாரிக்குக் கடுதாசி வந்தது. வக்கீல் பெயரும் டாக்டரம்மா பெயரும் முதலில் இருந்தன. மேஸ்திரி கைத்தடியோடு ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அந்தக் காலால் வண்டியை உதைத்துக் கிளப்ப முடியாது. அதனால் அவர் வரமாட்டார் என்றே நினைத்தோம். கடைசி நம்பரில் சைடுகார் வண்டியை நான் ஓட்டுவதென்றும், முன்னால் டாக்டரம்மா போவதென்றும் ஏற்பாடு.

அன்று காலையில் மேஸ்திரி வந்தார். வழக்கம்போல ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். நம்பர் போட்டார். பேச வேண்டியதைப் பேசினார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு என் வண்டிக்கு வந்து, சைடுகாரில் இருந்த சாமான் பெட்டியைப் பின்னால் நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் அந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதலாளியின் காரில்கூட ஏறமாட்டார், நடந்தே வந்துவிடுவார்.

"கிளம்பலாங்க" என்றார்.

அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்தோம். முதல் இரண்டு வளைவில் என் கியர் மாற்றத்தைக் காதால் கவனிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வளைவில் கொஞ்சம் சீக்கிரமே கியரைக் குறைத்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நாலாவது, ஐந்தாவது. அப்போதும் ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லையோ என்று பக்கவாட்டில் பார்த்தேன்.

மோவாய் மார்பில் இறங்கியிருந்தது. காதிலிருந்த சாக்பீஸ் மடியில் விழுந்து கிடந்தது. வளைவுக்கு வளைவு தலை மெல்ல ஆடியது. மேஸ்திரி தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் போன வக்கீல் வளைவு தாண்டித் திரும்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று கையால் கேட்டார். ஒரு கையை எடுத்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சரிவு விழுந்த இடம் வந்தது. புதுக்கல் கட்டி, ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். எழுப்பிக் காட்டலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுப்பவில்லை. இன்ஜின் உதறாமல் கியரைக் குறைத்து, அந்த வளைவை மெதுவாக ஏறிக் கடந்தேன்.